மீன் தொட்டி சம்ப்பில் சென்சார் மாட்ட ஆள் கூப்பிடுமுன் ஒரு நிமிஷம்

சென்னை கொளத்தூரில் மீன் தொட்டிச் சாமான் விற்கும் ஒரு கடையில் 4,500 ரூபாய் கொடுத்து வீட்டுக்குள் வெள்ளம் வரவழைத்துக்கொண்டேன். நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

மூன்றடி கடல்நீர்த் தொட்டி, கீழே சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி, சுத்தமாகித் திரும்ப ஏறும் அடித்தொட்டி). மே மாத வெயிலில் தினம் மூன்று, நான்கு லிட்டர் ஆவியாகிவிடும். உப்பு ஆவியாகாதே, அதனால் அந்தளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். தூக்கி ஊற்றிச் சலித்துப்போய்த்தான், மட்டம் இறங்கினால் தானே நிரப்பும் சென்சார் மாட்டச் சொன்னேன்.

வந்த பையன் பத்தே நிமிஷத்தில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்சை (தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை ஸ்விட்ச்) க்ளூ கன்னால் ஒட்டிவிட்டுக் கிளம்பினான். எங்கே ஒட்டினான் தெரியுமா? சம்ப்பில் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் இருக்கும் அறையில். அங்கே தண்ணீர் தடுப்புக் கண்ணாடி உயரத்துக்கு அப்படியே நிற்கும். குறைவதெல்லாம் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான். மூன்றாம் நாள் பம்ப் காற்றை இழுத்துக் கரகரவென்று கத்தியபோதுதான் எனக்கே உறைத்தது.

திரும்ப வந்து இடம் மாற்றினான்.

"தம்பி, ரிலே எதுவும் வேண்டாமா?"

"தேவையில்ல சார், டைரக்டாவே ஓடும்."

சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்தான் ரிலே. அது வேண்டாம் என்றதற்குத் தலையாட்டினேன் பாருங்கள், அது என் புத்தி.

பன்னிரண்டு நாள் ஓடியது. பதின்மூன்றாம் நாள் விடியற்காலை ஹாலில் கால் வைத்தால் சளக்கென்றது. ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருந்த 60 லிட்டர் டிரம் காலி, சம்ப் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. தொட்டியில் உப்பளவு (தண்ணீரின் ஒப்படர்த்தி) 1.025-லிருந்து 1.021-க்கு இறங்கி, பவளமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. அதற்குள் கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்றார்.

ஸ்விட்சைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். மிதவையை மேலே தூக்கினாலும், இணைப்பு இருக்கிறது என்று சொல்லும் பீப் நிற்கவில்லை. நகத்தால் ஒரு தட்டு தட்டினேன், 'டிக்' என்று விட்டது. உள்ளே இருக்கும் ரீட் ஸ்விட்சின் (காந்தத்தால் இயங்கும் குட்டி ஸ்விட்ச்) மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அது தாங்குவது 10 வாட் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதன் வழியாக, டிரம்மிலிருந்து தண்ணீர் ஏற்றும் 18 வாட் பம்ப்பை, அதுவும் 230 வோல்ட்டில், நேராக ஓட விட்டிருக்கிறான். உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் அந்த வயரில் நான் எத்தனை தடவை கை வைத்திருப்பேன்! இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

கடைக்காரரிடம் போனால், "உப்புத் தண்ணி பட்டா கேரண்டி கிடையாது சார்" என்கிறார். கடல்நீர்த் தொட்டிக்கு என்று சொல்லித்தானே வாங்கினேன்? பில்லும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள் எல்லாம் வாங்கி நானே மாட்டினேன். ஃப்ளோட்டில் 12 வோல்ட் மட்டும், பம்ப்பை ரிலே பார்த்துக்கொள்ளும். இரண்டு விரல் மேலே இன்னொரு ஃப்ளோட்; முதலாவது சிக்கிக்கொண்டாலும் இது லைனை அறுத்துவிடும். டிரம்முக்குப் பதில் 10 லிட்டர் கேன். கரண்ட் போனால் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரும் சேர்ந்து சம்ப்பில் அடங்க வேண்டுமல்லவா.

நீங்கள் ஆள் வைத்துத்தான் செய்வீர்கள் என்றால், காசை எண்ணுமுன் ஃப்ளோட்டைக் கையால் தூக்கியும் அமுக்கியும் காட்டச் சொல்லுங்கள், ரிலே எங்கே என்று கேளுங்கள். பில் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

கீழ்வீட்டு சீலிங்குக்கு பெயிண்டர் 6,000 கேட்டிருக்கிறார்.