ராமநாதபுரத்தில் செய்து வாங்கிய நைட் கார்டு (பல் கடிப்பவர்கள் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை): ஒரு பயனர் அனுபவம்

கொரோனாவால் மூடியிருந்த பள்ளிகள் 2021 ஜனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் திறந்த வாரத்தில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகளால் காலையில் வாயைத் திறக்கவே முடியவில்லை. இரவில் அவள் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். வயிற்றில் பூச்சி என்று என் மாமியார் இரண்டு முறை மருந்தும் கொடுத்துவிட்டார். கடைசியில் பாம்பனிலிருந்து பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் தெரிந்தவர்கள் சொன்ன ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம்.

மருத்துவர் அவசரப்படவில்லை. மகளின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, கோரைப் பற்களின் கூர் அரத்தால் ராவியது போல மழுங்கியிருப்பதை அவளையே பார்க்கச் சொன்னார். காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் செய்தபோது தாடை மூட்டில் 'க்ளக்' என்றது. பிறகு எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டார். பத்து மாதமாகச் செல்போனில் வகுப்பு, பொதுத்தேர்வு எப்போது என்றே தெரியாத பதற்றம், நள்ளிரவு தாண்டியும் விழிப்பு என்று அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மனக்கவலையும் தூக்கக் கேடும் தாடைத் தசைகளை இறுக்கும் என்றும், தேய்ந்த எனாமல் மறுபடி வளராது என்றும் விளக்கினார். (அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2021-இல் நடத்திய கணிப்பில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் பல் கடிக்கும் தொல்லை கூடியிருப்பதாகச் சொன்னதைப் பின்னர்தான் படித்தேன்.)

அளவெடுத்து ஒரு வாரத்தில் நைட் கார்டு தந்தார்கள், 3,000 ரூபாய். ஓரம் ஈறில் குத்தியதால் அதை ராவி வாங்க இன்னொரு நடை போக வேண்டியிருந்தது. பெரிய குறை வேறு: சுடுதண்ணீரில் கழுவக் கூடாது என்பதை யாரும் சொல்லவுமில்லை, எழுதித் தரவுமில்லை. மாமியார் அக்கறையாகக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்தார், அது கோணிக்கொண்டது. புதிதாகச் செய்யப் பாதித் தொகை கேட்டார்கள். ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுத்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

நைட் கார்டு பல் கடிப்பதை நிறுத்தாது, பல்லைத் தேயாமல் காக்கும். இதை அவர்கள் முன்கூட்டியே சொன்னது நேர்மை. வலி குறைந்ததற்கு வெந்நீர்த் துணி ஒத்தடமும், உதடு மூடியிருந்தாலும் பற்களை ஒட்டவிடாமல் வைத்திருக்கும் பழக்கமும், கடினமானதை மெல்லாமல் இருந்ததும்தான் காரணம் என்று நினைக்கிறேன். தை மாதம் வீடெல்லாம் பனங்கிழங்கு வேகும் வாசனை. அவள் மட்டும் தயிர்ச்சோறு. ஜூனில் தேர்வு ரத்தான பிறகு இரவுச் சத்தம் வெகுவாகக் குறைந்தது. மூட்டில் அந்த 'க்ளக்' மட்டும் இன்னும் இருக்கிறது; வலி இல்லாதவரை அதற்குச் சிகிச்சை தேவையில்லை என்று சொல்லி மருத்துவர் பணம் வாங்காமல் அனுப்பிவிட்டார்.