பிஎன்கேஸ்-எஃப் கிட்: நெல் புரதத்துக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

மரபணு மாற்றிய நெல்லில் புதுப் புரதத்தின் மேல் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து ஆய்வகங்களுக்குச் சுலபமாகக் கைக்கு வரக்கூடியது பிஎன்கேஸ்-எஃப் (PNGase F) கிட்தான். புரதத்திலிருந்து சர்க்கரைக் கிளையை வெட்டிவிடும் நொதி அது. நச்சுச் சோதனையில் எலிக்குக் கொடுக்கும் புரதம் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரானது, அதில் செடியின் சர்க்கரை இருக்காது. நெல்லில் சர்க்கரை ஏறியிருந்தால் இரண்டும் ஒரே புரதம் ஆகாது. அதனால் இங்கே பதில் கறாராக இருந்தாக வேண்டும்.

செய்முறை எளிது. 20 மைக்ரோகிராம் வரை புரதம், புரதத்தின் மடிப்பைப் பிரிக்கும் எஸ்டிஎஸ்-டிடிடி கரைசல் 1 மைக்ரோலிட்டர், தண்ணீர் விட்டு மொத்தம் 10 மைக்ரோலிட்டர். 100 டிகிரியில் 10 நிமிடம். ஆறியதும் பாஸ்பேட் பஃபர் 2 மைக்ரோலிட்டர், என்பி-40 (மென்மையான சோப்பு வகை) 2, தண்ணீர் 6, நொதி 1. 37 டிகிரியில் ஒரு மணி நேரம். என்பி-40 விட்டுப்போனால் எஸ்டிஎஸ் நொதியையே முடக்கிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த எஸ்டிஎஸ் வெள்ளையாகப் படிந்திருந்தால் தெளியும்வரை சூடாக்குங்கள். இலையைப் பொட்டாசியம் பஃபரில் அரைக்கவே வேண்டாம், எஸ்டிஎஸ் திரிந்துவிடும்.

ஒரு சர்க்கரைக் கிளை போனால் ஜெல்லில் புரதத்தின் பட்டை சுமார் 2 கிலோடால்டன்தான் (புரத எடையின் அலகு) இறங்கும். 65 கிலோடால்டன் புரதத்துக்கு 8 சதவீத ஜெல்லை நெடுநேரம் ஓட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். 36 கிலோடால்டன் பக்கம் தெரிவது நொதியின் பட்டை. நொதி மட்டும் போட்ட லேன் (ஜெல்லின் ஒரு வரிசை) ஒன்று வேண்டும். ஆன்டிபாடியால் பிரித்தெடுத்திருந்தால் 50 பக்கம் இறங்குவது ஆன்டிபாடியின் கனச் சங்கிலியாகவும் இருக்கலாம்.

பெரிய குறை இனிமேல்தான். செல்லின் கோல்ஜி உறுப்பு வழியாக வரும் செடிப் புரதங்களில் கிளையின் முதல் சர்க்கரையோடு ஆல்ஃபா-1,3 ஃபியூக்கோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஒட்டிக்கொண்டால் எஃப் நொதியால் வெட்ட முடியாது. பட்டை நகரவில்லை என்பதை வைத்துச் சர்க்கரை இல்லை என்று அறிக்கை எழுதுவது தப்பு, அதுவும் ஒவ்வாமை பற்றிய கேள்வியில். ஏனென்றால் சிலருடைய ஐஜிஇ (ஒவ்வாமை ஆன்டிபாடி) பிடித்துக்கொள்வதே அந்த ஃபியூக்கோஸையும், செடிக் கிளையிலுள்ள சைலோஸ் சர்க்கரையையும்தான். ஒப்பிட, ஒரே ஜெல்லில் ஆர்என்ஏஸ்-பி, ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் (அந்த ஃபியூக்கோஸ் உள்ள செடிப் புரதம்) இரண்டையும் எஃப் நொதி போட்டு ஓட்டுங்கள்: முன்னது 17 கிலோடால்டனிலிருந்து 14-க்கு இறங்கும், பின்னது அசையாது.

ஆகவே கேடிஇஎல் (KDEL) என்ற தங்குமிடக் குறிப்பு வாலோடு, கோல்ஜிக்கு முந்தைய எண்டோபிளாச வலையிலேயே தங்கும் புரதத்துக்கு இந்தக் கிட் தாராளமாகப் போதும். வெளியே சுரக்கும் புரதத்துக்கு, அந்த ஃபியூக்கோஸ் இருந்தாலும் வெட்டும் பிஎன்கேஸ்-ஏ நொதி கட்டாயம் வேண்டும். அதற்கு முதலில் புரதத்தை டிரிப்சின் நொதியால் வெட்டி, டிரிப்சினைக் கொதிக்கவைத்து அடக்கி, பிஹெச் 5-க்கு மாற்ற வேண்டும். எஸ்டிஎஸ் துளியும் கூடாது. செலவு கூடும்தான். கையிருப்பு குறைவென்றால் பெராக்சிடேஸுக்கு எதிரான, செடிச் சர்க்கரையையும் பிடிக்கும் ஆன்டிபாடியில் வெஸ்டர்ன் பிளாட் (ஜெல் புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) போடுங்கள். நிறம் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி, பெராக்சிடேஸ் அல்லாமல் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி ஒட்டியதாக இருக்கட்டும். பக்கத்து லேனில் மரபணு மாற்றாத அதே ரகம், ஆடுதுறை 43 என்றால் ஆடுதுறை 43-ஏ, வேண்டும். நெல்லின் சொந்தப் புரதங்களும் அந்த ஆன்டிபாடியில் பளிச்சென்று தெரியும்.