ஷெல் ஸ்கிரிப்டில் வண்ணம்: டிபுட்டா, நேரடிக் குறியீடா?

கட்டளைகளைக் கோப்பில் எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டில் பிழையைச் சிவப்பிலும் வெற்றியைப் பச்சையிலும் காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டளைகள் ஓடும் திரையான டெர்மினலுக்கு நிறத்தை மாற்றச் சொல்லும் எஸ்கேப் குறியீட்டை நாமே எழுதுவது: எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 31, எம் என்றால் சிவப்பு, 31 இருக்குமிடத்தில் 0 போட்டால் பழைய நிறம் திரும்பிவிடும். மற்றொன்று, டிபுட் கட்டளையைக் கேட்பது. அது டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியைப் பார்த்து, டெர்மின்ஃபோ தரவுத்தளத்திலிருந்து அந்த டெர்மினலுக்கு உரிய குறியீட்டை எடுத்துத் தரும்.

டிபுட்தான் முறையானது என்று நம்பிப் பல ஆண்டுகள் அதையே எழுதினேன். இப்போது நேரடிக் குறியீட்டுக்கு மாறிவிட்டேன்.

காரணம், இரவில் தானாக ஓடும் வேலைகள். பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்றின் தொடக்கத்திலேயே டிபுட்டை அழைத்து நிறங்களை மாறிகளில் வைத்திருந்தேன். பிழை வந்தால் உடனே நின்றுவிடச் சொல்லும் செட் கட்டளையும் அதற்கு மேலே இருந்தது. கையால் ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானிலோ டெர்ம் மாறி கிடையாது. டிபுட் பிழையோடு திரும்பியது. ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றது. ஒரு கோப்புகூட நகலாகவில்லை. வெறும் நிறத்துக்காக அன்றைய பேக்கப் போனதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னரில், டிபுட் அடங்கிய என்கர்சஸ் தொகுப்பை நிறுவாவிட்டால் டிபுட்டே இருக்காது.

நேரடிக் குறியீட்டுக்கு இப்படி எந்தச் சார்பும் இல்லை. ஆனால் லாக் கோப்பில் அது தொல்லைதான். 'பிழை' என்று தொடங்கும் வரிகளைக் கிரெப் என்ற தேடல் கட்டளையில் தேடினால் ஒன்றும் சிக்காது. சொல்லுக்கு முன்னால் எஸ்கேப் ஒட்டிக்கொண்டிருக்கும். டிபுட்டும் இங்கே கைகொடுக்காது. வெளியீடு கோப்புக்குப் போகிறதா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே எந்த வழியானாலும், வழக்கமான வெளியீடு (அதன் எண் 1) போய்ச் சேருமிடம் டெர்மினல்தானா என்று டெஸ்ட் கட்டளையால் சோதித்து, இல்லையென்றால் நிற மாறிகளைக் காலியாக விட்டுவிட வேண்டும். அச்சிட எக்கோ வேண்டாம், பிரிண்ட்எஃப் போதும்: உபுண்டுவின் டாஷ் ஷெல்லில் எஸ்கேப்பைப் புரிந்துகொள்ளச் சொல்லி எக்கோவுக்குத் தரும் ஈ தெரிவு அப்படியே எழுத்தாக அச்சாகிவிடும்.

அந்தச் சோதனைக்குள் டிபுட்டை வைத்தால் கிரான் சிக்கல் தீரும் என்பதும் உண்மை. திரையின் அகலத்தை இன்றும் டிபுட்டிடம்தான் கேட்கிறேன். நான் புழங்குவது லினக்ஸும் மேக்கும் மட்டுமே. அவற்றில் நேரடிக் குறியீட்டின் எட்டு அடிப்படை நிறங்களும் ஒருமுறைகூடத் தவறியதில்லை. பழைய சீரியல் டெர்மினல்களை இன்னும் வைத்திருப்பவர்கள் டிபுட்டை விட வேண்டாம்.