டூ-ஸ்டெப் பூட்டு: எந்தச் சாவி உதவுகிறது, எது காலை வாருகிறது

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கோரிப்பாளையம் நெரிசலில் போன் தொலைவது மதுரைக்குப் புதிதில்லை. போன் போன வருத்தத்தைவிடப் பெரிய தலைவலி மறுநாள் ஆரம்பிக்கும். வேறு போனில் ஜிமெயிலைத் திறந்தால், பாஸ்வேர்டு நினைவில் இருக்கும். அடுத்துக் கேட்கிற எண்தான் இருக்காது. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு எண்ணையும் கேட்கிற டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை வருடக்கணக்கில் போட்டு வைத்திருந்தாலும், அதன் மாற்று வழிகளில் எது தேறும், எது தேறாது என்பது இந்த மாதிரி நாளில்தான் தெரிகிறது.

போன் தொலைந்தால் முதல் வேலை கூகுள் இல்லை, சிம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு பழைய சிம்மை முடக்கிவிட்டு, ஆதாரோடு கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போக வேண்டும். இங்கே பலர் மாட்டுவது பெயரில். கல்லூரிக் காலத்தில் அப்பா பெயரில் வாங்கிய சிம் என்றால் அப்பாதான் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். அவர் உசிலம்பட்டியில் இருந்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். புது சிம் கிடைத்த பிறகும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. சிம்மை ஏமாற்றி மாற்றிப் பணம் எடுப்பதைத் தடுக்க வைத்த விதி அது. அழைப்பு வரும், ஓடிபி வராது. இது தெரியாமல் 'ரீசென்ட்' பொத்தானை முப்பது தடவை அழுத்துகிறவர்கள், அதிக முயற்சி என்று சில மணி நேரம் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) கொடுத்துப் போனை முடக்கவும் ஓடிபி வேண்டும், போலீஸ் புகார் நகலும் வேண்டும். ஆகவே அதுவும் சிம்முக்குப் பிறகுதான். ஐஎம்இஐ போன் டப்பாவிலும் பில்லிலும் இருக்கும்.

கணக்கை மீட்கக் கோடு வருகிற மீட்பு எண்ணாக, மேஜை டிராயரில் கிடக்கிற இரண்டாவது சிம்மைக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. ரீசார்ஜ் இல்லாமல் 90 நாள் சும்மா கிடந்தால் அந்த எண் பறிபோகலாம். பிறகு வேறு யாருக்காவது போய்விடும். அப்புறம் உங்கள் கணக்கின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும்.

போனுக்குள்ளேயே எண்ணை உருவாக்கிக் காட்டும் அத்தென்டிகேட்டர் ஆப் எஸ்எம்எஸ்ஸைவிட நல்லது, சந்தேகமில்லை. சிக்னலே இல்லாத அழகர்மலை அடிவாரத்திலும் 30 நொடிக்கு ஒரு ஆறு இலக்க எண்ணைக் கொடுக்கும். எண் தப்பு என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பார்க்க வேண்டியது போனின் கடிகாரம்: தானியங்கி நேரம் அணைந்திருக்கும், மணி இரண்டு நிமிடம் தள்ளியிருக்கும். கூகுள் அத்தென்டிகேட்டரில் 2023 முதல் எண்களைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. மற்ற கணக்குகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பூட்டிக் கிடப்பது அந்தக் கூகுள் கணக்கே என்றால், பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

திரை உடைந்த போனாக இருந்தால் இன்னும் வழி இருக்கிறது. படம் தெரிந்து டச் மட்டும் போயிருந்தால், போனின் சார்ஜ் துளையில் மாட்டும் ஓடிஜி அடாப்டரில் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி வரும். பின்னைப் போட்டு உள்ளே போய்விடலாம். படமே வராவிட்டால் டிஸ்ப்ளே மாற்றத்தான் வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையில் கொடுத்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ரீசெட் மட்டும் போட்றாதீங்க, உள்ள டேட்டா வேணும்." சொல்லாமல் விட்டால், சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து ஃபிளாஷ் பண்ணி (எல்லாவற்றையும் அழித்து சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றி) கையில் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அதோடு ஆப்பில் இருந்த எண்களும் போச்சு.

எல்லாவற்றிலும் தேறியது, முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிற பேக்கப் கோடுதான். கூகுள் பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். சிம் வேண்டாம், போன் வேண்டாம், 24 மணி நேரக் காத்திருப்பும் வேண்டாம். கெட்டுப்போவது அதை வைக்கும் விதத்தில்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தொலைந்த போனோடு போகும். ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்தால், அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் சாவியின் நகல் தங்கிவிடும். பில் மெஷின் தாளில் அடித்தால் மதுரை வெயிலுக்கு ஒரு கோடையிலேயே வெளுத்துவிடும். லேமினேஷன் போட்டால் தாள் நிற்கும், ஆனால் பயன்படுத்திய எண்ணைப் பேனாவால் அடிக்க முடியாது. அவசரத்தில் செத்த எண்ணையே திரும்பத் திரும்பப் போட நேரிடும். கெட்டித் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் நான்கு நான்காகப் பிரித்துக் கையால் எழுதி, மேலே தேதி போட்டு, பத்திரத்தோடு வைப்பதே போதும். தேதி எதற்கென்றால், புதுத் தொகுப்பு எடுத்த நொடியே பழைய பத்தும் செல்லாது.

தாளும் இல்லை என்றால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம்தான். பிரவுசிங் சென்டருக்குப் போகாதீர்கள். வழக்கமாக லாகின் செய்த லேப்டாப், வழக்கமான பிரவுசர், வீட்டு வைஃபை: இந்த மூன்றும் இருந்தால் வாய்ப்பு கூடும். பழைய பாஸ்வேர்டு கேட்டால், நினைவில் இருக்கிற கடைசி ஒன்றைப் போடுங்கள். காலியாக விடுவதைவிட அது மேல். பதில் வர 3 முதல் 5 வேலை நாள் ஆகலாம். வேறு ஒருவன் உள்ளே புகுந்து மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும் உடனே கைவிட வேண்டாம். மாற்றிய நாளிலிருந்து ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கே கோடு பெற வாய்ப்பு உண்டு.

வாட்ஸ்அப் கணக்கு வேறு. அதன் டூ-ஸ்டெப் பூட்டுக்கு நீங்களே வைத்த ஆறு இலக்க பின் மறந்து, மின்னஞ்சலும் சேர்க்காமல் விட்டிருந்தால் ஏழு நாள் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பணம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் எடுத்துத் தருகிறேன் என்கிறவனிடம் ஓடிபி சொல்லிவிட்டால் இருக்கிற கணக்கும் போகும். பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

உள்ளே போனதும் தொலைந்த போனைச் சாதனப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டு, புதிதாகப் பத்து எண் எடுத்து, பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.