ஹெய்ன்ஸி, ஹெல்மர், லீ: ஊர் ஊராக ஆடும் டிஃபென்ஸ்மேனுக்கு எந்த வழி சரி?

ஐஸ் ஹாக்கியில் ஒரு மேட்சுக்கு ஒரு டீமில் பொதுவாக ஆறு டிஃபென்ஸ்மேன்கள்தான், அதாவது எதிரணியைக் கோல் போடவிடாமல் தடுப்பவர்கள்தான், இறங்குவார்கள். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்ஹெச்எல்லில் ஒரு டீமில் 23 பேர் வரை இருக்கலாம் என்பதால் ஏழாவது, எட்டாவது ஆளுக்கும் சம்பளம் உண்டு, ஆனால் மேட்ச் நேரத்தில் கோட் போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். இந்த விளிம்பில் பிழைக்கிறவர்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 26, 27 வயதில் இவர்களுக்கு மூன்று வழி தெரியும். என்ஹெச்எல்லில் யார் கூப்பிட்டாலும் போய் ஆடலாம், ஒரு படி கீழே ஏஹெச்எல்லில் நிலைத்துவிடலாம், இல்லையென்றால் ஐரோப்பாவுக்குப் பெட்டி கட்டலாம். மூன்றையும் கடைசிவரை போய்ப் பார்த்தவர்கள் ரான் ஹெய்ன்ஸி, பிரையன் ஹெல்மர், கிறிஸ் லீ.

ஹெய்ன்ஸி, டீம்கள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2000-ஆம் ஆண்டு 13-ஆவது ஆளாக மான்ட்ரியலுக்குப் போனவர், அதனால் அவரை ஆரம்பத்தில் யாரும் நாடோடி ஆட்டக்காரராக நினைத்திருக்க மாட்டார்கள். 2005-இல் அந்த டீம் அவரை வேவர்ஸில் போட்டது. ஒரு டீம் ஒருவரைக் கீழே அனுப்ப நினைத்து இந்தப் பட்டியலில் போட்டால், 24 மணி நேரத்துக்குள் மற்ற எந்த டீமும் அவரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஆட்டக்காரர் யாரையும் தர வேண்டாம். கொலம்பஸ் எடுத்தது. அங்கிருந்து அட்லாண்டா, அந்த டீமே வின்னிபெக்குக்கு இடம் மாறியபோது கூடவே வின்னிபெக், அப்புறம் கரோலைனா. 907 மேட்ச் ஆடியும் சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் ஒரு மேட்சில்கூட இறங்கவில்லை! 2017 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அவரை வாங்கியது, கிரிஸ் லெடாங் காயத்தில் படுத்தார், ஹெய்ன்ஸி அந்த வசந்த காலம் முழுக்க ஆடினார், ஜூனில் பிட்ஸ்பர்க் ஜெயித்து, என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் சிட்னி கிராஸ்பி முதலில் திரும்பி நீட்டியது ஹெய்ன்ஸியிடம்தான். அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அடுத்து டொரன்டோ. அங்கே அவருடைய பெனால்டி கில்லைக் கவனித்தால் இந்த வழிக்கு என்ன வேண்டும் என்று புரியும். நம் ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருப்பார், எதிர் டீமில் ஐந்து பேர், நம் பக்கம் நான்கு பேர். வலைக்கு முன்னால் முழங்காலை மடக்கி, ஸ்டிக்கின் தட்டையான முனையை ஐஸோடு ஒட்டிப் பிடித்து, பாஸ் போகும் பாதையை மூடிக்கொண்டு நிற்பார். பக் என்கிற ரப்பர் வட்டு வந்து காலில் படும், வலியைக் காட்டாமல் அதைச் சுவரோரமாக எதிர்ப்பக்கத்துக்குத் தூக்கி அடித்துவிட்டு பெஞ்சுக்குச் சறுக்கிப் போவார். கோலுக்கும் அதற்குக் கைகொடுத்த பாஸுக்கும் கிடைக்கும் புள்ளிக் கணக்கில் இது எதுவும் ஏறாது. ஆனால் 1,132 என்ஹெச்எல் மேட்ச் ஆட வைத்தது இதுதான்.

ஹெல்மர் யாரும் டிராஃப்ட் செய்யாத ஆள். என்ஹெச்எல்லில் 146 மேட்ச், ஏஹெச்எல்லில் 1,117. அந்த லீக்கில் ஒரு டிஃபென்ஸ்மேன் எடுத்த அதிகபட்சப் புள்ளியும் அவருடையதே: 564. ஹெர்ஷி டீமின் கேப்டனாக 2009, 2010 இரண்டு வருடமும் ஏஹெச்எல்லின் கால்டர் கோப்பையைத் தூக்கினார். நாற்பதை நெருங்கும் வயதிலும் வார இறுதியில் அடுத்தடுத்து மூன்று நாள் மூன்று மேட்ச், நடுவில் பஸ் என்று வாழ்வதற்கு ஆட்டத்தின் மேல் எவ்வளவு பிரியம் வேண்டும்! ஆனால் பணத்தில் இந்த வழி ரொம்பப் பின்தங்கியது. 2025-26 சீசனில் என்ஹெச்எல்லின் குறைந்தபட்சச் சம்பளமே 7,75,000 டாலர். ஆடும் லீக்குக்கு ஏற்பச் சம்பளம் மாறும் டூ-வே ஒப்பந்தத்தில் கீழே இறங்கினால் அதில் சிறு பங்குதான் கையில் வரும். போதாததற்கு ஏஹெச்எல்லில் மூத்தவர்களுக்கு இடமும் குறைவு. கோல்கீப்பர்களை விட்டால் இறங்கும் 18 பேரில் 12 பேர் 260 மேட்சுக்கு மேல் ஆடாதவர்களாக இருக்க வேண்டும், இன்னொருவர் 320-ஐத் தாண்டக் கூடாது. மிச்சம் ஐந்து இடத்துக்கு லீக்கில் உள்ள அத்தனை பழைய கைகளும் மோதுகின்றன. இளம் டிஃபென்ஸ்மேன்களைப் பக்கத்தில் நின்று வளர்க்கும் மனசு இருந்தால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன். ஹெல்மருக்கு அது இருந்தது, பிற்பாடு ஹெர்ஷி நிர்வாகத்திலேயே போய் உட்கார்ந்தார்.

லீ கதைதான் நிறைய பேருக்குத் தெரியாது. ஒன்டாரியோவின் மக்டியர் என்ற சின்ன ஊர்க்காரர், டிராஃப்ட் ஆகாதவர், என்ஹெச்எல்லில் ஒரு மேட்ச்கூட ஆடாதவர். கீழ் லீக்குகளில் அலைந்து, ஜெர்மனி, ஸ்வீடன் வழியாக ரஷ்யாவில் யூரல் ஆற்றங்கரையின் எஃகு ஆலை நகரமான மாக்னிதகோர்ஸ்குக்குப் போய்ச் சேர்ந்தார். 2014, 2016 இரண்டிலும் அங்குள்ள பெரிய லீக்கான கேஹெச்எல்லின் ககாரின் கோப்பை. 2016-17-இல், 36 வயதில், 60 மேட்சில் 65 புள்ளி எடுத்தார், அப்போது கேஹெச்எல்லில் ஒரு டிஃபென்ஸ்மேனின் சாதனை அது. என்ஹெச்எல் ஆட்டக்காரர்கள் வராத 2018 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக வெண்கலமும் வாங்கினார்.

அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளாத ஆள் அங்கே எப்படி இவ்வளவு பெரிய ஆளானார்? திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், அவரிடம் கேட்ட வேலையே வேறு. என்ஹெச்எல்லில் ஆறாவது டிஃபென்ஸ்மேனிடம் கேட்பது தப்பு செய்யாதே என்பதுதான். ஐரோப்பாவில் பல லீக்குகளில் வெளிநாட்டவருக்கு உச்சவரம்பு உண்டு, சுவிஸில் ஒரு மேட்சுக்கு ஆறு பேர்தான். அந்த இடத்தைச் சும்மா நிற்கிறவருக்குத் தர மாட்டார்கள், எதிர் டீமில் ஆள் குறையும்போது ஆடும் பவர் பிளேயை நடத்து, 25 நிமிடம் ஆடு என்பார்கள். என்ஹெச்எல் ரிங்க் 26 மீட்டர் அகலம் என்றால் அங்கே பல இடங்களில் 30 மீட்டர் வரை போகும், பார்த்துப் பாஸ் கொடுக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கூடுதல் இடம் பெரிய வரம். கஷ்டமும் இருக்கிறது. மாக்னிதகோர்ஸ்கிலிருந்து விளாடிவோஸ்டோக் போனால் ஐந்து மணி நேர வித்தியாசம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மொழி, எல்லாமே தலைவலி.

என் கணக்கு இதுதான். பக்கை நன்றாக நகர்த்தத் தெரிந்து, 26 வயதிலும் மேலும் கீழும் அலைக்கழிக்கப்படுகிற டிஃபென்ஸ்மேன் லீ வழியில் போகட்டும், முப்பது ஆகும்வரை காத்திருக்க வேண்டாம், காலில் வேகம் இருக்கும்போதே அங்கே பெயர் எடுத்தால்தான் அடுத்த ஒப்பந்தம் நல்லதாக வரும். தாத்தா பாட்டி வழியில் ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தால் ஜெர்மன் லீக்கில் வெளிநாட்டவர் கணக்கிலேயே வரமாட்டார், அப்படிப்பட்டவர் யோசிக்கவே தேவையில்லை. தடுப்பது மட்டுமே தெரிந்தவருக்கு ஐரோப்பா ஒத்துவராது. அவர் ஹெய்ன்ஸி மாதிரி வேவர்ஸ் பட்டியலில் பெயர் வந்தாலும் பயப்படாமல், எடுத்துக்கொள்கிற டீமின் பெனால்டி கில்லில் முதல் ஆளாக இறங்கப் பார்க்கட்டும்.