ஊட்டிக் குளிருக்கு எந்த வாக்ஸ்: கார்னுபாவா, சீலண்டா?

மழைக்கு முன்னால் காருக்குக் கையால் வாக்ஸ் போட நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம்தான் இது. கார்னுபா ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் இயற்கை மெழுகு. சீலண்ட், பெயின்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு.

எத்தனை நாள் நிற்கும்: கார்னுபா ஒன்றிரண்டு மாதம். செயற்கை சீலண்ட் நாலைந்து மாதம்.

பளபளப்பு: கறுப்பு, சிவப்பு வண்டியில் கார்னுபாவின் மினுமினுப்பே தனி. வெள்ளை வண்டியா? வித்தியாசத்தைத் தேடத்தான் வேண்டும்.

போடுவது: இங்கேதான் மலை குறுக்கே வருகிறது. காலைப் பனி ஈரம் உலர்ந்தபின், நிழலில் ஆரம்பியுங்கள். கார்னுபாவை ஒவ்வொரு பேனலாக, மெல்லிசாகத் தடவி, விரலால் இழுத்துப் பாருங்கள். பிசுபிசுக்காமல் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். குளிரில் காயக் கூடுதல் நேரமாகும். சீலண்டைத் துடைப்பது சுலபம், ஆனால் இறுக சில மணி நேரம் நனையாமல் இருக்க வேண்டும். ஜூலை ஊட்டியில் அதற்கு எங்கே போவது!

தெருவில் நிற்கும் வண்டிக்கு மே மாதமே சீலண்ட். ஷெட்டில் நிற்கும், ஞாயிறுதோறும் துடைத்து ரசிக்கும் வண்டிக்குக் கார்னுபா. எதுவானாலும் கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில் பட விடாதீர்கள். வெள்ளைக் கறை லேசில் போகாது.