சிமென்ட் பெஞ்ச்: பொருள் சரி, போடும் விதம்தான் சரியில்லை

பேரூராட்சிப் பூங்கா, பேருந்து நிலையம், குளக்கரை என எங்கு போனாலும் சாய்மானத்தில் 'உபயம்' என்று பெயர் எழுதிய ரெடிமேட் சிமென்ட் பெஞ்ச்தான். கறையான் அரிக்காது, யாரும் எளிதில் தூக்கிக்கொண்டு போக முடியாது. காசுக்கு மோசமில்லை. ஆனாலும் பாதி பெஞ்சுகள் சாயங்காலத்தில் காலியாகக் கிடக்கின்றன.

முதல் காரணம் சூடு. மேற்கு வெயிலைக் குடித்த காங்கிரீட், பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் சுடும். ஜனங்கள் வருவதோ அந்த நேரத்தில்தான். எனவே பெஞ்சுக்கு மேற்கே புங்கையோ வேம்போ நிற்க வேண்டும். நாவல் மரத்தடி வேண்டாம், பழக்கறை போகாது. தென்னையடி கூடவே கூடாது.

வாங்கும்போது இருக்கைப் பலகையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். ஐந்தடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், இரண்டு அங்குலக் கனம் என்றால் பலகை மட்டுமே ஏறத்தாழ 70 கிலோ. பலகைக்குள் வைக்கும் இரும்புக் கம்பி அடிப்பக்கமாக ஓட வேண்டும். அதன் கீழே 20 மி.மீ. காங்கிரீட்டாவது மூடியிருக்க வேண்டும். கம்பியின் தடம் வெளியே தெரிந்தால் ஈரம் புகும், துரு உப்பிக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அங்கே கருங்கல் பலகையே மேல். பொருத்துகிறவர்கள் பலகையைத் தலைகீழாகப் போட்டுவிடுவதும் உண்டு. அப்போது கம்பி மேலே போய்விடுவதால், நாலு பேர் உட்கார்ந்ததும் அடியில் வெடிப்பு விடும். எது மேல்பக்கம் என்று பட்டறையிலேயே பெயிண்டில் குறித்து வாங்குங்கள்.

உயரம் 17, 18 அங்குலம் இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்காரர்கள் எழத் திணறுவார்கள். இந்தப் பெஞ்சின் உண்மையான குறை, கைப்பிடி இல்லாததுதான். இரு முனைகளிலும் ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வளைத்துப் பொருத்தினால் தீர்ந்தது. யாரும் படுக்கக் கூடாதென்று நடுவில் தடுப்பு வைப்பது அற்பத்தனம்; மதியத் தூக்கமும் ஓய்வுதானே!

கால்களை மண்ணில் அப்படியே நட்டால் முதல் மழையிலேயே ஒருபக்கம் இறங்கும். ஓரடி ஆழக் குழி, அடியில் மூன்று அங்குல ஜல்லிக் காங்கிரீட் அவசியம். முன்னால் இரண்டடிக்குக் கல் பாவாவிட்டால், கால் தேய்த்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, இருக்கையை அந்தப் பக்கமாக லேசாகச் சரித்தால் மழைநீர் வடியும்.

சுவரோரமாக வரிசை கட்டிப் போடும் வழக்கத்தை மட்டும் எப்படியாவது விட வேண்டும். அதில் மூன்று பேர் உட்கார்ந்தால், ஓரத்தில் இருப்பவர் கழுத்தைத் திருப்பியே பேச வேண்டும். இரண்டு பெஞ்சுகளை 'ட' போலச் செங்கோணமாகப் போட்டால் பேச்சு தானாக நடக்கும். பேச விரும்பாதவர் வேறு பக்கம் பார்த்தும் உட்காரலாம். மூலையில் மூன்றடி விட்டுவைத்தால் சக்கர நாற்காலியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.